தொழில் அமைதியை ஈட்டியவர்கள்: தஞ்சோங் பகாரை முன்வைத்து ஒரு மறுப்பு

சிங்கப்பூர்த் தொழிலாளர் வரலாறு குறித்து ஆண்டுவிழா மலர்களிலும் மேடைப் பேச்சுகளிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கருத்து ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 முதல் 1960களின் நடுப்பகுதி வரை இத்தீவில் நடந்த வேலைநிறுத்தங்கள் அரசியல் கிளர்ச்சியாளர் மூட்டிவிட்ட கலகங்களே என்றும், 1968ஆம் ஆண்டுச் சட்டங்களும் அவற்றைத் தொடர்ந்து வேரூன்றிய முத்தரப்பு முறையுமே தொழிலாளருக்கு நல்வாழ்வு தந்தன என்றும், ஆகவே இன்று கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் அந்த அமைதியே போதிய காப்பு என்றும் அது படிப்படியாக வாதிடுகிறது. முத்தரப்பு முறை என்பது அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய மூவரும் கூடிப் பேசிச் சம்பளத்தையும் வேலை நிலைமைகளையும் தீர்மானிக்கும் ஏற்பாட்டைக் குறிக்கும். தமிழரிடையே இக்கருத்து இன்னொரு வடிவமும் எடுத்திருக்கிறது: தமிழர் வந்தார்கள், தலைகுனிந்து உழைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், வம்புக்குப் போகவில்லை, அதனால் முன்னேறினார்கள் என்று பெருமையோடு சொல்லப்படுவது அது. இந்தப் பெருமை தம் முன்னோர் செய்த மிகப் பெரிய காரியத்தை அவர்களின் பேரப்பிள்ளைகளிடமிருந்து மறைத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரை நிறுவ முனைவது.

அக்கருத்தைச் சோதித்துப் பார்க்கத் தஞ்சோங் பகாரைவிடப் பொருத்தமான வட்டாரம் கிடைப்பது அரிது. 1864இல் தஞ்சோங் பகார் கப்பல்துறைக் கம்பெனி இங்கே தொடங்கப்பட்டது. 1905இல் காலனி அரசு அதைக் கையகப்படுத்தியது. 1913இல் அது சிங்கப்பூர்த் துறைமுக வாரியமாக, தொழிலாளர் வாய்மொழியில் 'ஹார்பர் போர்டு' ஆக, உருவெடுத்தது. கொள்கலன்கள் வருவதற்கு முந்தைய அந்நாளில், கப்பலின் அடித்தளத்தில் ஒரு குழு மூட்டைகளைக் கயிற்று வலையில் அடுக்க, மேல்தளத்தில் நின்றவர் அதைத் தூக்கி இறக்க, கரையில் மற்றொரு குழு அவற்றை முதுகிலும் தள்ளுவண்டியிலும் ஏற்றிக் கிட்டங்கிக்கு, அதாவது சரக்குக் கிடங்குக்கு, கொண்டுசேர்த்தது. கப்பல் வராத நாளில் பெரும்பாலோருக்கு வேலையுமில்லை, கூலியுமில்லை. தமிழரும் மலையாளிகளும் சீனரும் மலாய்க்காரரும் ஒரே கப்பலில் வேலை செய்தாலும், சிலர் வாரியத்தின் நேரடிக் கூலிகளாகவும் சிலர் ஒப்பந்தக்காரரின் ஆட்களாகவும் வெவ்வேறு விகிதத்தில் கூலி பெற்றனர்; ஒப்பந்தக்காரரின் கீழ் இருந்தவர்களுக்கு, வாரியம் கொடுத்த தொகையில் அவருடைய பங்கு போக எஞ்சியதே கைக்கு வந்தது. இப்படி இனத்தாலும் மொழியாலும் கூலி விகிதத்தாலும் பிரிந்து கிடந்தவர்கள் ஒன்றுசேர்வது எளிதன்று. ஆனால் சேர்ந்துவிட்டால் அவர்களுடைய வலிமை எண்ணிக்கையைக் காட்டிலும் பெரிது, ஏனெனில் துறையில் முடங்கி நிற்கும் கப்பல் ஒவ்வொரு நாளும் தன் உரிமையாளருக்கு இழப்பை ஏற்படுத்திக்கொண்டே இருக்கும்.

அந்த வலிமை வெளிப்பட்ட நாள்களில் முதன்மையானது 1945 அக்டோபர் 21. அன்று தஞ்சோங் பகார் துறைகளில் சுமார் 7,000 தொழிலாளர் வேலையை நிறுத்தினர். ஜப்பானிய ஆட்சி முடிந்து இரண்டு மாதங்கூட ஆகாத நேரம் அது. மக்கள் கையிலிருந்த வாழைமர நோட்டுகளை, அதாவது ஜப்பானியர் வெளியிட்ட பணத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் செல்லாக்காசாக்கிவிட்டது; அரிசிக்குப் பெரும் தட்டுப்பாடு; பொருள்களின் விலை போருக்கு முந்தைய நிலையைவிடப் பல மடங்காகியிருந்தபோதிலும் கூலியைப் பழைய அளவை ஒட்டியே வைத்திருக்க நிர்வாகம் முயன்றது. கூலி உயர்வு கேட்ட அதே தொழிலாளர், இந்தோனேசிய விடுதலைப் போரை ஒடுக்க டச்சுப் படைகளுக்காகச் செல்லவிருந்த ஆயுதங்களைக் கப்பலில் ஏற்றவும் மறுத்தனர். நான்கு நாள்கள் கழித்து, அக்டோபர் 25 அன்று, சிங்கப்பூர்ப் பொதுத் தொழிலாளர் சங்கம் அமைக்கப்பட்டது.

இவ்விடத்தில்தான் நிலவும் கருத்தின் முதல் வாதம் முன்வந்து நிற்கிறது: இன்னொரு நாட்டுக்குப் போகும் ஆயுதத்தைப் பற்றிக் கூலிக்காரருக்கு என்ன கவலை, இது அரசியல் அன்றோ என்பது. அரசியல்தான், அதை மறுப்பதற்கில்லை. பொதுவுடைமைக் கட்சியினர் அச்சங்கத்தை வழிநடத்தினர் என்பதும் மறைக்க வேண்டிய செய்தி அன்று. ஆனால் 1945இல் சிங்கப்பூரில் வாழ்ந்த ஒரு துறைமுகத் தொழிலாளிக்கு வாக்குரிமை இல்லை, அவருக்காகப் பேசும் சட்டமன்ற உறுப்பினர் இல்லை, அவருடைய கூலியை நிர்ணயித்த நிர்வாகமும் அவருடைய நாட்டை ஆண்ட நிர்வாகமும் ஒன்றே. முதலாளியும் அரசும் ஒன்றாக இருக்கும் இடத்தில் கூலிக் கோரிக்கையைத் தனியாகவும் அரசியல் கோரிக்கையைத் தனியாகவும் பிரித்துக் காட்டுமாறு தொழிலாளியைக் கேட்பது, அவரால் செய்ய முடியாத ஒன்றைச் செய்யச் சொல்லி அதில் தவறியதற்காக அவரைக் குற்றவாளியாக்குவதாகும். மூன்றரை ஆண்டுகள் படையாட்சியின் கீழ் பட்டினி கிடந்தவர்கள் மற்றொரு மக்கள்மீது படை ஏவப்படுவதற்குத் துணைபோக மறுத்ததில் வெளியாருடைய தூண்டுதலை மட்டுமே காண்பவர், அத்தொழிலாளருக்குச் சொந்த மனச்சான்று இருந்திருக்கக்கூடும் என்பதையே ஏற்க மறுக்கிறார்.

காலனி அரசு இதற்கு அளித்த மறுமொழி சட்டத்தாலும் கயிற்றாலும் எழுதப்பட்டது. 1948இல் மலாயாவில் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டு, ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே கூட்டமைப்பாக இணையலாம் என்றும், அத்தொழிலில் மூன்றாண்டுப் பட்டறிவு உள்ளவரே சங்கப் பொறுப்பில் இருக்கலாம் என்றும் விதிக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவரும் தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்தவருமான எஸ். ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்தியாவில் அது பெரும் கண்டனத்தை எழுப்பியது. கணபதி தூக்கிலிடப்பட்டதற்கு முந்தைய நாளில், சிங்கப்பூர்த் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த வீரசேனன் நெகிரி செம்பிலானில் படையினரால் கொல்லப்பட்டார். தமிழர் வம்புக்குப் போகாத சாதுக்கள் என்று சொல்லும் வரலாறு இவ்விருவரையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் விட்டுவிடுகிறது. அவர்கள் சேர்ந்த கட்சியின் வழிமுறைகளை ஏற்காதவர்களுக்கும், ஒரு தீபகற்பத்தின் தொழிலாளர் இயக்கத்துக்கே தலைமை ஏற்கத் தோட்டத்துத் தமிழரும் துறைமுகத்துத் தமிழரும் ஆளனுப்பினர் என்ற உண்மை அப்படியே நிற்கிறது.

அவசரநிலை தொழிற்சங்கங்களை ஏறத்தாழ மௌனமாக்கியது. அந்த மௌனத்தை உடைத்தது ஒரு சிறிய வேலைநிறுத்தம். 1952 மே 13 அன்று சுமார் 500 தபால்காரர்கள் வேலைக்கு வர மறுத்தனர். மலாய்க்காரரும் இந்தியரும் நிறைந்த அச்சங்கத்தின் சட்ட ஆலோசகராக இருந்தவர் இளம் வழக்கறிஞர் லீ குவான் யூ. அவர்களுக்கு ஆதரவாகப் பத்திரிகையில் எழுதியவர், பின்னாளில் வெளியுறவு அமைச்சரான, யாழ்ப்பாணத் தமிழர் எஸ். ராஜரத்தினம். ஏறக்குறைய இரண்டு வாரங்களில் தபால்காரர்கள் தங்கள் கோரிக்கைகளில் பெரும்பகுதியை வென்றனர். அந்த வெற்றிக்குப் பிறகு சங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவ்வழக்கறிஞரை நாடிச் சென்றன. 1955 ஏப்ரல் 2 அன்று நடந்த தேர்தலில் அவர் தேர்ந்தெடுத்து நின்ற தொகுதி, துறைமுகத் தொழிலாளரும் நாட்கூலிகளும் நிறைந்த தஞ்சோங் பகார். 2015இல் இறக்கும்வரை அத்தொகுதியின் உறுப்பினராக அவரே இருந்தார். தொழில் அமைதியின் சிற்பி எனப் போற்றப்படுபவரின் அரசியல் வாழ்வு வேலைநிறுத்தக்காரரின் வழக்கை ஏற்று நடத்தியதில் தொடங்கியது என்பதும், அவரை மன்றத்துக்கு அனுப்பியவர்கள் போராடிய தொழிலாளரே என்பதும் தற்செயலான செய்திகள் அல்ல. போராட்டம் வெறும் அழிவு வேலை என்றால், அதன் தோளில் ஏறி வந்த ஆட்சியையும் அந்த அழிவின் விளைவாகவே கருத வேண்டிவரும். அதை யாரும் சொல்வதில்லை.

லீ குவான் யூ தேர்ந்தெடுக்கப்பட்ட அதே மாதத்தின் இறுதியில், துறைமுக வாரியத்தின் ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த 1,300 பேரளவினர் ஜமித் சிங் என்ற இளைஞரின் தலைமையில் வேலையை நிறுத்தினர். 67 நாள்கள் நீடித்த அப்போராட்டம் எழுத்தர்களுடையது என்பதைக் கவனிக்க வேண்டும். மாதச் சம்பளமும் வெள்ளைச் சட்டையும் உள்ள எழுத்தர், மூட்டை தூக்குபவரோடு தம்மைச் சேர்த்து எண்ணாத காலம் அது. சரக்குச் சீட்டுகளை எழுதும் கை நின்றால் சரக்குகளும் நின்றுபோகும் என்பதைத் துறைமுகம் அப்போதுதான் கண்டது. அடுத்த ஆண்டுகளில் ஜமித் சிங் எழுத்தரையும் கூலியையும் ஒரே அணியில் கொண்டுவர உழைத்து, பத்தாயிரம் துறைமுகத் தொழிலாளரின் குரலாக அறியப்பட்டார்.

1955ஆம் ஆண்டைப் பற்றி நிலவும் கருத்து அடிக்கடி எடுத்துக்காட்டும் எண்கள் உண்டு. அவ்வாண்டில் 275 வேலைநிறுத்தங்கள் நடந்தன. 946,354 மனித வேலைநாள்கள் இழக்கப்பட்டன. அவற்றில் கூலியையும் வேலை நேரத்தையும் நேரடியாகக் கோரியவை மூன்றில் ஒரு பங்குதான், எஞ்சியவை பிற சங்கங்களுக்கு ஆதரவாகவோ கைதான தலைவர்களை விடுவிக்கக் கோரியோ நடந்தவை என்று சொல்லப்படுகிறது. மே 12 அன்று ஹாக் லீ பேருந்துக் கம்பெனிப் பூசல் கலவரமாக வெடித்து நால்வர் உயிரிழந்தனர். அந்த மரணங்களை எந்த வாதத்தாலும் சிறிதாக்கக்கூடாது. ஆனால் இவ்வெண்களை அடுக்குபவர்கள் அதே ஆண்டுகளில் சட்டப் புத்தகத்தில் என்ன ஏறியது என்பதைச் சொல்லாமல் விடுகின்றனர். 1955இல் தொழிலாளர் அவசரச் சட்டம் இயற்றப்பட்டது. வேலை நேரம், ஓய்வுநாள், மிகைநேரக் கூலி ஆகியவை அதன்மூலம் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. 1957இல் எழுத்தர்களுக்கும் கடைச் சிப்பந்திகளுக்கும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. 1960இல் தொழில் உறவுச் சட்டமும் அதன்கீழ் தொழில் நடுவர் மன்றமும் வந்தன. 1968ஆம் ஆண்டு வேலை நியமனச் சட்டம், நல்வாழ்வின் தொடக்கம் எனக் கொண்டாடப்படும் அச்சட்டம், புதிதாக எழுதப்பட்ட ஒன்றன்று. 1955, 1957 ஆகிய ஆண்டுகளின் அம்மூன்று சட்டங்களையும் நீக்கி ஒன்றாகத் தொகுத்ததே அது. தொகுப்பில் தொழிலாளர் பெற்றதைவிட இழந்தவை சில இடங்களில் அதிகம்: பொது விடுமுறைகள் 11 ஆகக் குறைந்தன, மிகைநேரத்துக்கும் போனசுக்கும் வரம்பு விழுந்தது, வாரத்துக்கு 44 மணிநேரம் பொதுவிதியானதால் அதற்குக் குறைவாக வேலை செய்துவந்த எழுத்தர்களுக்கு வேலை நேரம் கூடியது. தொழிலாளர் பாதுகாப்பின் அடித்தளம் எந்த ஆண்டுகளில் போடப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

அமைதி எப்படி வந்தது என்பதையும் முழுதாகச் சொல்ல வேண்டும். 1961இல் தொழிற்சங்க இயக்கம் இரண்டாகப் பிளந்தது. ஆளும் கட்சியை ஒட்டிய பிரிவு தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசாகியது, மற்றப் பிரிவுக்குப் பதிவு மறுக்கப்பட்டது. 1963 பிப்ரவரியில் நடந்த பெரும் கைது நடவடிக்கையில் அதன் தலைவர்கள் பலர் விசாரணையின்றிச் சிறை சென்றனர். ஜமித் சிங் சிங்கப்பூரை விட்டே வெளியேற்றப்பட்டார். கடைசி அத்தியாயம் பெரும்பாலும் தமிழருடையது என்பதால் சற்று நின்று பார்க்கத் தக்கது. தெருக் கூட்டுவதும் குப்பை அள்ளுவதும் சிங்கப்பூரில் நெடுங்காலமாகத் தமிழரின் வேலையாக இருந்தன. அரசு நாட்கூலிச் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்த கே. சுப்பையா நாளுக்கு ஒரு வெள்ளி கூலி உயர்வு கோரினார். 1967 பிப்ரவரி 1 அன்று துப்புரவுத் தொழிலாளர் 2,400 பேர் வேலையை நிறுத்தினர். அரசு அதைச் சட்டவிரோதம் என அறிவித்து, சுப்பையாவையும் வேறு 14 பேரையும் கைது செய்தது. வேலைக்கு வராதவர்கள் தாங்களே வேலையைத் துறந்தவர்களாவர், வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தது. பெரும்பாலோர் விண்ணப்பித்துத் திரும்பினர். துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தின் பதிவும் கூட்டமைப்பின் பதிவும் நீக்கப்பட்டன. நாளுக்கு ஒரு வெள்ளி கேட்ட தெருக்கூட்டுபவரை எந்தச் சதியோடும் இணைக்க இயலாது; ஆயினும் நிலவும் கருத்து அவரையும் கலகக்காரர் பட்டியலில் சேர்த்தே எண்ணுகிறது.

1968இல் தொழில் உறவுச் சட்டமும் திருத்தப்பட்டது. ஆளெடுத்தல், பதவி உயர்வு, இடமாற்றம், வேலைநீக்கம், வேலைப் பங்கீடு ஆகியவை கூட்டுப் பேரத்துக்கு, அதாவது சங்கம் தொழிலாளர் அனைவருக்காகவும் முதலாளியோடு நடத்தும் பேச்சுவார்த்தைக்கு, அப்பாற்பட்டவை என அச்சட்டம் வரையறுத்தது. அதே ஆண்டு ஜனவரியில் பிரிட்டன் தன் படைத்தளங்களை மூடிவிடப் போவதாக அறிவித்திருந்தது. பல்லாயிரம் பேர் வேலை இழக்கும் நிலை. மலேசியாவிலிருந்து பிரிந்து மூன்றாண்டுகளே ஆன நாடு அயல் முதலீட்டை நம்பி நின்றது. இந்நெருக்கடி மெய்யானது, அதன் கனத்தைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. வேலைகள் பெருகின, 1970களில் வேலையின்மை பெரிதும் குறைந்தது, 1969 வேலைநிறுத்தமே இல்லாத ஆண்டாகக் கழிந்தது. ஆனால் இவற்றிலிருந்து பெறப்படும் முடிவுதான் பிழை. அடித்தளச் சட்டங்கள் ஏற்கெனவே இருந்ததாலும், அச்சட்டங்களைப் பெற்றுத்தந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருந்ததாலும், வீடும் பள்ளியும் தரும் அரசு வாக்காளருக்குக் கட்டுப்பட்டிருந்ததாலும் அந்த அமைதி தொழிலாளிக்குத் தாங்கக்கூடியதாயிற்று. இம்மூன்றில் எதுவுமில்லாத ஓரிடத்தில் வேலைநிறுத்தத்தை மட்டும் தடைசெய்தால் அதே நல்வாழ்வு விளையும் என்பதற்கு 1968 சான்றாகாது.

அமைதிக்குள்ளேயே கூலி அமுங்கிக் கிடந்ததை அரசே பின்னர் ஒப்புக்கொண்டது. 1972இல் அமைக்கப்பட்ட தேசியச் சம்பள மன்றம் அப்பத்தாண்டு முழுவதும் நிதானமான உயர்வுகளையே பரிந்துரைத்துவந்தது. 1979 முதல் 1981 வரை மூன்றாண்டுகள், மலிவான உழைப்பை நம்பிய தொழில்களை விட்டு நகர வேண்டும் என்பதற்காக, சம்பளத் திருத்தம் என்ற பெயரில் பெரும் உயர்வுகளைப் பரிந்துரைத்தது. 1986 ஜனவரியில் ஹைட்ரில் என்ற அமெரிக்க எண்ணெய்க் கருவி நிறுவனத்தில் 61 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்கு ஒப்புதல் தந்தவர் அப்போது துணைப் பிரதமராகவும் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைமைச் செயலாளராகவும் இருந்த ஓங் தெங் சியோங். அமைச்சரவையிடம் முன்கூட்டிச் சொன்னால் தடுத்துவிடுவார்கள் என்பதால் சொல்லவில்லை என்றும், இரண்டே நாளில் சிக்கல் தீர்ந்தது என்றும் அவர் பின்னாளில் ஒரு பேட்டியில் தெரிவித்தார். முத்தரப்பு மேசையில் அமர்ந்திருந்த ஒருவரே, பேச்சால் மட்டும் தீராத வழக்கு உண்டு எனச் செயலால் காட்டியதை, அம்மேசையைப் போற்றுபவர்கள் எளிதில் கடந்து செல்கின்றனர்.

தஞ்சோங் பகார் இதற்கிடையே உருமாறிவிட்டது. 1972 ஜூனில் முதல் கொள்கலன் கப்பல் வந்துசேர்ந்தபின் மூட்டை சுமக்கும் குழுக்களின் தேவை மெல்லக் குறைந்தது. இன்று துறைமுகமே துவாஸை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது, தஞ்சோங் பகாரில் பாரந்தூக்கிகள் நின்ற கரை நகர விரிவாக்கத்துக்குக் காத்திருக்கிறது. 2011இல் மூடப்பட்ட பழைய ரயில் நிலையத்தின் கீழே கான்டோன்மென்ட் பெருவிரைவு ரயில் நிலையம் கட்டப்பட்டிருக்கிறது. இத்தகைய நிலையங்களையும் சுற்றியுள்ள கோபுரங்களையும் எழுப்பியவர்களில் புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டத் தமிழர் கணிசமானோர். ஒரே கரையில் இரு தலைமுறைத் தமிழ் உழைப்பு. ஆனால் முந்தியவர்களிடம் சங்கம் இருந்தது, பிந்தியவர்களிடம் வேலை அனுமதி அட்டை இருக்கிறது.

இந்த அட்டையின் இயல்பை விளங்கிக்கொள்ளாமல் இன்றைய நிலையைப் பேச முடியாது. அது ஒரு குறிப்பிட்ட முதலாளியின் பெயரோடு பிணைந்தது. முதலாளி அதை ரத்து செய்யலாம். ரத்தானால் தொழிலாளி பொதுவாக நாடு திரும்ப வேண்டும். மலேசியர் அல்லாத ஒவ்வொருவருக்கும் முதலாளி 5,000 வெள்ளிப் பிணைத்தொகைக்குப் பொறுப்பேற்க வேண்டும், மாதந்தோறும் லெவி எனப்படும் தீர்வையும் கட்ட வேண்டும். மத்திய சேம நிதி இவர்களுக்கு இல்லை. பொதுவான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. துப்புரவு, பாதுகாவல் போன்ற துறைகளில் வந்த படிமுறைச் சம்பள ஏற்பாடு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் முன்னிட்டது.

நாளுக்கு 18 வெள்ளி என்ற அடிப்படைச் சம்பளம் கட்டுமானத் துறையில் நெடுங்காலம் பரவலாக வழங்கியது. மாதம் 26 நாளுக்கு அது 468 வெள்ளி. மனிதவள அமைச்சு வகுத்த முறைப்படி அதைப் பன்னிரண்டால் பெருக்கி, ஆண்டின் 52 வாரங்களுக்கும் வாரத்தின் 44 மணிநேரத்துக்கும் வகுத்தால் ஒரு மணிநேரக் கூலி ஏறத்தாழ 2 வெள்ளி 45 காசு. மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்காக 3 வெள்ளி 68 காசு. சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவான மாதம் 72 மணிநேரம் 'ஓடி', அதாவது மிகைநேர வேலை, பார்த்தால் கூடுதலாக 265 வெள்ளி கிடைக்கும். ஆக மொத்தம் 733 வெள்ளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மிகைநேரத்திலிருந்து வருகிறது. மிகைநேரத்தை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு நிறுத்துவது என்பது மேற்பார்வையாளர் கையில். குறை சொன்னவரை வேலையிலிருந்து நீக்க வேண்டிய தேவைகூட இல்லை. அடுத்த மாதம் அவர் பெயரை மிகைநேரப் பட்டியலில் எழுதாமல் விட்டாலே ஊரில் வட்டி கட்ட முடியாது.

வட்டி என்பது இங்கே முக்கியமான சொல். விரும்பித்தானே வந்தார்கள், நிபந்தனை தெரிந்துதானே கையெழுத்திட்டார்கள், ஊரில் கிடைப்பதைவிட அதிகம்தானே என்ற வாதத்துக்கு விடை அதற்குள் இருக்கிறது. சிங்கப்பூர் முகவர்கள் தொழிலாளியிடம் வாங்கும் கட்டணம் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் எனச் சட்டம் வரம்பிட்டிருக்கிறது. ஆனால் அவ்வரம்பு கடல்கடந்து செல்லாது. ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுக்கும் காசு, நகையை அடகு வைத்தோ நிலத்தை ஈடு காட்டியோ புரட்டப்படுவது. வரும் முன்பே பல மாதச் சம்பளம் கடனாகிவிட்டவர், விமானம் ஏறிய கணத்திலிருந்து விலகும் சுதந்திரத்தை இழந்தவராகிறார். வருவதற்கு ஒப்பிய மனம், வந்தபின் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒப்பியதாகக் கொள்ளப்படுவதை எந்த ஒப்பந்த நீதியும் ஏற்காது. இதே வாதம் ஒரு நூற்றாண்டுக்கு முன் கங்காணி அழைத்துவந்த தோட்டத் தொழிலாளரைப் பற்றியும் சொல்லப்பட்டது; இந்திய அரசு 1938இல் கூலிகளின் உதவிபெற்ற குடிபெயர்வைத் தடைசெய்தபோது அவ்வாதம் அதற்கு முன் நிற்கவில்லை.

சட்ட வழிகள் இருக்கின்றன என்பதும் உண்மையே. வேலை நியமனச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும். வேலையிடக் காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டம் உண்டு. 2017 முதல் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றம் இயங்குகிறது. கட்டுமானத் துறையில் அனுமதிக் காலம் முடியும் தறுவாயில் முதலாளியின் இசைவின்றியே வேறு கம்பெனிக்கு மாற ஒரு குறுகிய இடைவெளி தரப்பட்டிருக்கிறது. இவை ஒவ்வொன்றும் மெய்யான முன்னேற்றம். பலருக்குச் சம்பள பாக்கி கிடைத்திருக்கிறது. ஆனால் இவை யாவும் தனியாளுக்கான வழிகள். ஒரு தொழிலாளி, தன் சம்பளச் சீட்டையும் நேரக் குறிப்பையும் தானே திரட்டிக்கொண்டு, வேலையை விட்ட ஆறு மாதங்களுக்குள் தன் வழக்கைத் தானே நடத்த வேண்டும். அதுவரை வேலையில்லை. லிட்டில் இந்தியாவின் கஃப் ரோடு பகுதியில் ஒரு தொண்டு அமைப்பு 2008 முதல் இப்படிக் காத்திருக்கும் தொழிலாளருக்கு இலவச உணவு தந்துவருகிறது. உரிமையைக் கோரியவர் அதன் முடிவு தெரியும்வரை பிறர் தரும் சோற்றில் காத்திருக்க நேர்வது, அந்த உரிமை தனியாளுக்கு எவ்வளவு பாரமானது என்பதைக் காட்டுகிறது. 1955இல் 67 நாள்கள் தாக்குப்பிடித்த எழுத்தர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தனர். அடுத்த மேசைக்காரரும் வேலையை விட்டிருந்தார்.

கூட்டாக நின்றபோது என்ன நேர்ந்தது என்பதற்கு 2012 நவம்பரைப் பார்க்கலாம். சம்பள வேறுபாட்டையும் தங்குமிட நிலைமையையும் எதிர்த்து, சீனாவிலிருந்து வந்த 171 பேருந்து ஓட்டுநர்கள் வேலைக்கு வரவில்லை. போக்குவரத்து இன்றியமையாச் சேவை என்பதால் 14 நாள் முன்னறிவிப்பு தேவை. அது தரப்படாததால் ஐவர் சிறை சென்றனர், 29 பேர் நாடு கடத்தப்பட்டனர். மறு ஆண்டு டிசம்பர் 8 அன்று ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு தமிழ்த் தொழிலாளி பேருந்தில் அடிபட்டு இறந்ததை அடுத்து லிட்டில் இந்தியாவில் கலவரம் மூண்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, வேலை நிலைமை அதற்குக் காரணமன்று என முடிவு கூறியது. அம்முடிவை ஏற்றுக்கொண்டாலும் அது சொல்வது அன்றிரவு நடந்ததன் காரணத்தை மட்டுமே. தொழிலாளருக்குக் குறையே இல்லை என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுபவர்கள், குழு ஆராயாத கேள்விக்கு அதன் வாயிலிருந்து விடை வாங்குகின்றனர்.

குறை இல்லை என்ற கூற்று 2020இல் நோய்க்கணக்காகவே பொய்த்துப்போனது. ஓர் அறையில் பலர் அடுக்குக் கட்டில்களில் படுக்கும் விடுதிகளில் கொரோனா புகுந்தபோது, தொழிலாளர் மாதக்கணக்கில் வெளியே வர முடியாமல் அடைபட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் அரசு வெளியிட்ட கணக்கின்படி விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. அரசு மருத்துவமும் உணவும் சம்பளமும் கிடைக்கச் செய்ய முயன்றது, இறப்புகளைக் குறைவாகக் காத்தது. அதற்குரிய மதிப்பைத் தர வேண்டும். அதன்பின் அறைகளில் ஆள் எண்ணிக்கைக்குப் புதிய வரம்புகளும் வந்தன. ஆனால் அந்த நெரிசல் ஒரே இரவில் உருவானதன்று. தொண்டு அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் சுட்டிக்காட்டியது மாறுவதற்கு நாட்டையே உலுக்கும் நோய் வர வேண்டியிருந்தது என்றால், நடுவில் இல்லாமற்போனது எது என்று கேட்க வேண்டும். 1950களில் குடியிருப்புக் குறையை ஒரு சங்கச் செயலாளர் வாரியத்தின் வாசலுக்குக் கொண்டுபோயிருப்பார்.

வெளிநாட்டுத் தொழிலாளி சங்கத்தில் உறுப்பினராகலாம். ஆனால் அமைச்சரின் எழுத்துமூல அனுமதியின்றிக் குடிமகன் அல்லாதவர் சங்க நிர்வாகியாக முடியாது என்று தொழிற்சங்கச் சட்டம் கூறுகிறது. யார் தலைமை ஏற்கலாம் என்பதைச் சட்டத்தால் வரையறுத்து இயக்கத்தை அடக்கும் முறை 1948இல் காலனி அரசு கையாண்டது. மூன்றாண்டுப் பட்டறிவு என்ற அன்றைய நிபந்தனையின் இடத்தில் குடியுரிமை இருக்கிறது. தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசும் முதலாளிகள் சம்மேளனமும் 2009இல் சேர்ந்து அமைத்த வெளிநாட்டு ஊழியர் நிலையம் உதவிகள் செய்கிறது. ஆயினும் முதலாளிகளும் சேர்ந்து நடத்தும் ஒரு நிலையம் தொழிலாளரின் சொந்தச் சங்கத்துக்கு ஈடாகாது.

லாரிப் பயணப் பூசலில் இதன் விளைவு வெளிப்படையாகத் தெரிந்தது. சரக்கு ஏற்றும் லாரியின் பின்புறத்தில் ஆட்களை ஏற்றக்கூடாது என்பது பொதுவிதி. வேலையாட்களுக்கு மட்டும் விலக்கு. விபத்துகளில் உயிர்கள் போன பிறகும் அவ்விலக்கு நீடிக்கிறது. 2023 ஜூலையில் தொண்டு அமைப்புகள் பலவும் கலைஞர்களும் குடிமக்களும் அதை நீக்கக் கோரிக் கூட்டறிக்கை விட்டனர். ஆகஸ்ட் தொடக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வர்த்தகச் சங்கங்கள் செலவு தாங்காது என எதிரறிக்கை விட்டன. மறுநாளே அமைச்சுகள், முழுத்தடை நடைமுறைக்கு ஒவ்வாது, சிறு நிறுவனங்கள் மூடப்படும், வீடுகளும் ரயில் பாதைகளும் தாமதமாகும் என விளக்கமளித்தன. மூன்று தரப்பும் பேசின. அந்த லாரிகளில் அமர்ந்து நாள்தோறும் வேலைக்குப் போய்வருபவர்களின் பெயரால், அவர்களே தேர்ந்தெடுத்த ஒருவர் கையெழுத்திட்ட அறிக்கை எதுவும் அந்த விவாதத்தில் இடம்பெறவில்லை. இன்றைய சட்டத்தின்படி இடம்பெறுவதற்கான வழியும் இல்லை. தபால்காரரின் வழக்கறிஞரைத் தஞ்சோங் பகார் மன்றத்துக்கு அனுப்பிய 1955இல் அந்த வழி இருந்தது. முத்தரப்பு முறையில் மெய்யான நம்பிக்கை உள்ளவர்கள் முதலில் செய்ய வேண்டியது, சங்க நிர்வாகிக்குக் குடியுரிமை கோரும் விதியை நீக்குவதும், குறை சொன்னவரின் வேலை அனுமதி அட்டை அந்தக் குறையின் விசாரணை முடியும்வரை முதலாளியால் ரத்து செய்யப்படாமல் காப்பதும் ஆகும்.